மெத்தையைத் தூக்கி வந்தது யார்?

பள்ளி ஆண்டு விழாவோ, ஐ.டி. கம்பெனியின் பயிற்சி வகுப்போ, வங்கி ஊழியர்களுக்கான ஒருநாள் முகாமோ, மைக் பிடிக்கும் பேச்சாளர் இப்போதெல்லாம் ஒரு கதையைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. பிரிட்டனின் சைக்கிள் அணி ஒரு நூற்றாண்டாகத் தோற்றுக்கொண்டே இருந்ததாம். 2003-இல் டேவ் பிரெய்ல்ஸ்ஃபோர்டு பொறுப்புக்கு வந்தார். எதையும் தலைகீழாக மாற்ற வேண்டாம், ஒவ்வொன்றையும் ஒரு சதவீதம் மட்டும் மேம்படுத்துவோம் என்றார். சைக்கிள் இருக்கையைத் திருத்தினார்கள். பிடிமானத்துக்காக டயரில் ஆல்கஹால் தடவினார்கள். சளி பிடிக்காமலிருக்க எப்படிக் கை கழுவ வேண்டும் என்று ஓர் அறுவை மருத்துவரைக் கூட்டிவந்து சொல்லிக்கொடுத்தார்கள். வீரர் ஒவ்வொருவருக்கும் தோதான தலையணையும் மெத்தையும் தேடிப்பிடித்தார்கள். தூசி விழுந்தால் கண்ணில் படவேண்டும் என்று லாரியின் உட்புறத்துக்கு வெள்ளையடித்தார்கள். ஐந்தே ஆண்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் குவிந்தது. ஆகவே மாணவர்களே, நாளைக் காலையிலிருந்து நீங்களும்...

இந்தக் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஜேம்ஸ் கிளியரின் 'அட்டாமிக் ஹாபிட்ஸ்'. 2018 அக்டோபரில் வந்த அந்த நூலின் முதல் அத்தியாயமே சைக்கிள் அணியோடுதான் தொடங்குகிறது. தமிழிலும் வந்துவிட்டது. நூலைப் படித்தவர்களைவிட அதன் கதையைக் காதால் கேட்டவர்கள் பல மடங்கு இருப்பார்கள். கதையில் ஓட்டை இருக்கிறதே என்று யாராவது கேட்டால் ஆதரவாளர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: கதை எப்படியோ போகட்டும், பாடம் நல்லதுதானே? நல்ல பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பதில் என்ன குற்றம்? கேட்டதும் தலையாட்ட வைக்கிற இந்தப் பதிலைத்தான் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நூலில் சரக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 'இனி உடற்பயிற்சி செய்வேன்' என்று பொத்தாம்பொதுவாக நினைப்பவரைவிட, 'காலையில் காப்பி குடித்ததும் மொட்டைமாடியில் நடப்பேன்' என்று நேரமும் இடமும் குறித்துக்கொள்பவர் அதைச் செய்துமுடிக்க வாய்ப்பு அதிகம். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்தே இதை ஆய்வுகளில் காட்டி வந்திருக்கிறார். 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று மேடைதோறும் சொல்கிறார்களே, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது அது சராசரியாக 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள்வரை மாறியது. அந்த 21 நாள் புரளியைக் கிளியர் பரப்பவில்லை என்பது அவருக்குச் சேரவேண்டிய பெருமை. படிக்கும்போது செல்போனைப் பக்கத்து அறையில் வை, மறுநாள் பையை இரவே அடுக்கு என்பதெல்லாம் உருப்படியான யோசனைகள். இதில் எல்லாம் சண்டையில்லை.

கணக்கில்தான் முதல் இடறல். 1.01-ஐ 365 முறை பெருக்கினால் 37.78 வரும், ஆகவே தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் ஆண்டு முடிவில் 37 மடங்கு முன்னேறியிருப்பீர்கள் என்கிறது நூல். பெருக்கல் சரி. ஆனால் இன்று 20 நிமிடம் நடப்பவர் இந்தக் கணக்கை நம்பிப் புறப்பட்டால் அடுத்த ஆண்டு இதே நாளில் பன்னிரண்டரை மணி நேரம் நடந்துகொண்டிருப்பார். நிமிடத்துக்கு 30 சொல் தட்டச்சு செய்யும் பெண் 1,100 சொல்லைத் தாண்டிவிடுவார். கூட்டுவட்டி வங்கியில் வேலை செய்வதற்குக் காரணம், வட்டியை அசலோடு சேர்க்க அங்கே ஒரு பேரேடு இருக்கிறது. தசைக்கும் ஞாபகத்துக்கும் அப்படி ஒரு பேரேடு கிடையாது. தொடக்கத்தில் வேகமாக ஏறும், பிறகு நத்தையாக ஊரும், ஒரு கட்டத்தில் நின்றே விடும். ஒலிம்பிக் தரத்து ஓட்டக்காரர் நொடியில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க ஆண்டுக்கணக்கில் பாடுபடுவதும் இதனால்தான். எந்தக் களத்திலிருந்து கதையை எடுத்தார்களோ அங்கேயே அந்தச் சூத்திரம் செல்லாது.

கணக்குப் பிழையையாவது மன்னிக்கலாம். கதை எங்கே தொடங்குகிறது என்பதுதான் உண்மையான வில்லங்கம்.

1908-க்குப் பிறகு பிரிட்டிஷ் சைக்கிள் வீரர்கள் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தங்கம்தான் வென்றிருந்தார்கள் என்கிறது நூல். உண்மையில் 1920-இல் ஆன்ட்வெர்ப்பில் இருவர் ஓட்டும் டேண்டம் போட்டியில் ஒன்று, 1992-இல் பார்சிலோனாவில் கிறிஸ் போர்ட்மேன் வென்றது ஒன்று, 2000-இல் சிட்னியில் ஜேசன் குவேலி வென்றது ஒன்று. ஆக மூன்று. ஒன்றா மூன்றா என்பது பெரிய விஷயமில்லை என்று தோன்றலாம். ஆனால் அந்த சிட்னி தங்கம் கதையைவிட்டு நழுவிப்போனது கவனிக்கத்தக்கது. சிட்னியில் அந்த அணி ஒரு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் வாங்கியிருந்தது. 2003-இல் தலையணை வருவதற்கு முன்பே ஏற்றம் தொடங்கிவிட்டது.

சிட்னிக்குச் சில ஆண்டு முன்னால் போனால் காரணம் கிடைக்கும். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரிட்டன் மொத்தமாக ஒரே ஒரு தங்கத்தோடு, பதக்கப் பட்டியலில் 36-ஆவது இடத்தில் நின்றது. நாடே தலைகுனிந்த அந்தத் தோல்விக்குப் பிறகு, 1994-இல் தொடங்கியிருந்த தேசிய லாட்டரியின் வருமானத்தில் ஒரு பகுதி 1997 முதல் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. சைக்கிள் அணிக்குப் பீட்டர் கீன் என்ற விளையாட்டு அறிவியலாளர் தலைமையில் நீண்டகாலத் திட்டம் வகுக்கப்பட்டது. பிரெய்ல்ஸ்ஃபோர்டே அந்த லாட்டரிக் காலத்தில் ஆலோசகராக உள்ளே வந்தவர்தான். மான்செஸ்டரில் 1994-லேயே கூரை போட்ட சைக்கிள் ஓட்டக் களம் திறந்திருந்தது. மழையோ பனியோ, ஆண்டு முழுவதும் பயிற்சி செய்யலாம். வேலைக்குப் போய்க்கொண்டே ஓட்டியவர்களுக்கு மாதா மாதம் உதவித்தொகை கிடைத்து, ஓட்டுவதே வேலையானது.

பணத்தின் அளவையும் பார்த்துவிடலாம். ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கான நான்காண்டுகளில் சைக்கிளுக்குக் கிடைத்த பொது நிதி சுமார் 86 லட்சம் பவுண்டு. பெய்ஜிங்குக்கு அது 2 கோடியே 20 லட்சம் பவுண்டைத் தாண்டியது. லண்டனுக்கு 2 கோடியே 60 லட்சம். ஏதென்ஸில் தங்கம் 2, பெய்ஜிங்கில் 8, லண்டனிலும் 8. நிதி ஏறிய ஏணியையும் பதக்கம் ஏறிய ஏணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்தப் பயிற்சி வகுப்பிலும் நேரம் ஒதுக்குவதில்லை. பணம் இருந்தால் மட்டும் பதக்கம் வந்துவிடாது என்பது சரி. அதை வீணடித்த சங்கங்களும் உண்டு. ஆனால் பணமே கதையில் இல்லை, தலையணை மட்டும் இருக்கிறது என்றால், சொல்பவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அந்தத் தலையணையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பிரெய்ல்ஸ்ஃபோர்டு 2010-இல் தொடங்கிய 'ஸ்கை' தொழில்முறை அணி பிரான்ஸைச் சுற்றும் மூன்று வாரப் பந்தயத்தில் ஏறக்குறைய தினமும் ஒரு ஓட்டலில் தங்கும். வீரர்கள் மலையில் மிதித்துக்கொண்டிருக்கும்போதே அணியின் பணியாளர்கள் சிலர் வண்டியில் முன்னால் போய்விடுவார்கள். ஓட்டல் மெத்தையை நகர்த்திவிட்டு வீரரின் சொந்த மெத்தையை விரிப்பார்கள். மறுநாள் காலையில் சுருட்டி வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்கு ஓட்டம். மூன்று வாரமும் இதே வேலை. வீரர் செய்தது படுத்துத் தூங்கியது மட்டும்தான். சைக்கிளைத் துடைத்தது மெக்கானிக், உணவை அளந்து போட்டது சமையல்காரர், காலைப் பிடித்துவிட்டது மசாஜ் செய்பவர். போர்ட்மேன் தலைமையில் 'சீக்ரெட் ஸ்குவிரல் கிளப்' என்ற செல்லப்பெயரோடு இயங்கிய ஆராய்ச்சிக் குழு சைக்கிளையும் தலைக்கவசத்தையும் உடையையும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தது.

இதில் 'பழக்கம்' எங்கே இருக்கிறது? தனி மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு வளர்த்துக்கொண்ட ஒழுக்கம் எங்கே? நிறைய பேரைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்து, ஒரு வீரர் எதைப் பற்றியும் யோசிக்க வேண்டியதில்லை என்ற நிலையை உருவாக்கியிருக்கிறார்கள். நல்ல நிர்வாகம்; பாராட்டலாம். ஆனால் அதைக் கொண்டுவந்து, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய், வீடு திரும்பி, நாளைக்கு மாவரைத்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிட்டுப் பத்தரைக்குச் சாய்பவரிடம் 'உங்கள் வாழ்க்கையிலும் ஒரு சதவீதம்' என்று நீட்டுவது என்ன நியாயம்? அவருக்கு மெத்தை விரித்து வைக்க யார் வருவார்கள்? பெரும்பாலான வீடுகளில் அந்த வேலையைச் செய்பவரே அவர்தான். ஒரு நிறுவனத்தின் சாதனையைத் தனி மனிதரின் ஒழுக்கமாக மொழிபெயர்த்துச் சொல்வதுதான் இந்த வகை எழுத்தின் அடிப்படைக் கோளாறு. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

இன்னொன்றும் கதையில் வராது. நூல் வெளியாவதற்கு ஏழு மாதம் முன்பு, 2018 மார்ச்சில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் விளையாட்டுக்கான குழு ஊக்கமருந்து பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவத் தேவைக்கென்று விதிகள் அனுமதித்த மருந்துகளை 'ஸ்கை' அணி ஆட்டத்திறனைக் கூட்டப் பயன்படுத்தியது, விதியை மீறாவிட்டாலும் அறத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது என்றது குழு. அணி மறுத்தது. 2021-இல் மருத்துவத் தீர்ப்பாயம், சைக்கிள் சங்கத்துக்கும் அந்த அணிக்கும் மருத்துவராக இருந்த ஒருவர் 2011-இல் டெஸ்டோஸ்டிரோன் களிம்பை மான்செஸ்டர் களத்துக்கு வரவழைத்தது, ஒரு வீரருக்குக் கொடுப்பதற்காக என்று தெரிந்தோ நம்பியோதான் என்று முடிவு செய்தது. அவரும் மறுத்தார். எந்த வீரர் என்பது வெளிவரவில்லை. கிளியர் தம் நூலில், அச்சுக்குப் போகும் நேரத்தில் புதுத் தகவல்கள் வந்திருப்பதாக ஒரு குறிப்புப் போட்டார். கதையை எடுக்கவில்லை. மேடைப் பேச்சாளர்களுக்கோ அந்தக் குறிப்புகூடத் தேவைப்படவில்லை.

இப்போது அந்தப் பழைய பதிலுக்கு வரலாம்: கதை எப்படியோ போகட்டும், பாடம் நல்லதுதானே?

நல்லதில்லை. ஏனென்றால் இந்தப் பாடத்துக்கு ஒரு மறுபுறம் இருக்கிறது, அதைப் பேச்சாளர் வாய்விட்டுச் சொல்வதில்லை. சின்னச் சின்னப் பழக்கம்தான் வெற்றிக்குக் காரணம் என்றால், வெற்றி பெறாதவர் சின்னப் பழக்கத்தைக்கூடக் கைக்கொள்ள முடியாதவர் என்று ஆகிறது. பெரிய காரியத்தைச் செய்யச் சொல்லி முடியவில்லை என்றாலாவது ஆறுதல் உண்டு. ஒரு சதவீதம்கூட முடியாதா என்ற கேள்விக்கு முன்னால் எந்த ஆறுதலும் நிற்காது.

அதிகாலை எழுதல் இதற்குக் கண்கூடான சாட்சி. ராபின் ஷர்மாவின் '5 ஏஎம் கிளப்' 2018-இல் வந்தது. ஐந்து மணிக்கு எழுபவர் உலகை ஆள்வார் என்ற தொனி. கோயம்பேட்டில் பூ வாங்கப் போகிறவர் இரண்டு மணிக்கு எழுகிறார். ஆவின் பால் போடுபவரும், தெருப் பெருக்கும் தூய்மைப் பணியாளரும், காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு நிற்கும் பெண்களும் ஷர்மா சொல்வதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக அந்தக் கிளப்பின் உறுப்பினர்கள். சேமிப்பு, நேரம் தவறாமை, முன்னேற்பாடு என்று கேட்கும் எந்த ஒழுக்கத்திலும் அவர்களிடம் குறை காண முடியாது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு சென்னை தவித்தபோது, லாரி எப்போது வரும் என்று தெரியாமல் நள்ளிரவில் கலர் குடங்களோடு முறைவைத்து விழித்திருந்த தெருக்களில் இருந்த ஒழுங்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் இருக்காது. அந்த விழிப்பை யாரும் பழக்கம் என்று புத்தகம் போடவில்லை. அதே கோடையில், அதே ஊரில், கை கழுவும் கலையைப் பற்றிய சைக்கிள் கதையும் குளிர்சாதன அரங்குகளில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

குழந்தைகளிடம் இந்தப் பாடம் போகும்போது இன்னும் கொடுமை. ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் நடத்திய மார்ஷ்மெல்லோ சோதனையைக் கேட்காத ஆசிரியர் இல்லை. ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்த குழந்தை பிற்காலத்தில் நன்றாகப் படித்தது, ஆகவே பொறுமை பழகு. 2018-இல் டைலர் வாட்ஸ் உள்ளிட்ட மூவர், 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்து மறுபடி பார்த்தார்கள். பொறுமைக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு முதலில் சொன்னதில் பாதியாகக் குறைந்தது. வீட்டின் வருமானம், தாயின் படிப்பு போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் பெரும்பகுதி கரைந்துபோனது. நாளைக்கும் மிட்டாய் இருக்கும் என்று தெரிந்த வீட்டுப் பிள்ளை காத்திருக்கிறது, அவ்வளவுதான். இல்லாத வீட்டுப் பிள்ளை உடனே தின்றதைப் பொறுமையின்மை என்று குறித்துக்கொள்வதற்குப் பெயர் கல்வியா?

முன்னேற்பாட்டைப் பற்றிய போதனைகளும் இதே தடத்தில்தான் ஓடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காரர்களுக்கு வந்து குவிந்த அறிவுரைகளை நினைத்துப் பார்க்கலாம். சான்றிதழ்களை பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், டார்ச் லைட் வையுங்கள், பேட்டரியை முழுதாக ஏற்றி வையுங்கள். எல்லாம் சரி. ஆனால் மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதத் தவறால் வந்த பேரிடர் என்றது. ஏரி நீர் வெளியேற்றத்தையும் நிர்வாகத்தையும் குறை சொன்னது. கழுத்தளவு தண்ணீரில் நின்றவரிடம் பிளாஸ்டிக் உறை இருந்ததா என்று விசாரிப்பது யாருக்கு வசதி?

முன்னேற்பாடு உண்மையில் உயிர் காத்த இடம் ஒன்று இருக்கிறது. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அதன்பின் அம்மாநிலம் பேரிடர் மேலாண்மைக்கென்று தனி அமைப்பு ஏற்படுத்தியது. கடற்கரை ஊர்களில் தூண்கள்மேல் உயர்த்திய புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் எழுந்தன. மற்ற நாட்களில் அவற்றில் பல பள்ளிக்கூடமாக நடக்கின்றன, ஆகவே பூட்டிக் கிடந்து துருப்பிடிப்பதில்லை. எங்கே ஓடவேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லவும் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஒத்திகை, ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள். 2013-இல் ஃபைலின் புயல் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள்; இறப்பு பத்துகளில் நின்றது. ஒடிசா மக்கள் 14 ஆண்டில் தினம் ஒரு சதவீதம் முன்னேறிவிடவில்லை. ஓடிப்போய் ஏற ஒரு கட்டடம் இருந்தது, ஓடச் சொல்ல ஓர் அரசு இருந்தது. ஒத்திகையில் படிந்த பழக்கம் பிறகுதான் பயன்பட்டது.

சைக்கிள் கதையைச் சொல்லும் பேச்சாளர்கள், அதே பிரிட்டனின் பேட்மின்டன் கதையையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மார்கஸ் எல்லிஸ், கிறிஸ் லாங்ரிட்ஜ் இணை ஆடவர் இரட்டையரில் வெண்கலம் வென்றது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, டோக்கியோவில் பதக்க வாய்ப்புக் குறைவு என்று கணக்குப் போட்டு, நிதி ஒதுக்கும் 'யுகே ஸ்போர்ட்' அமைப்பு பேட்மின்டனுக்கான பணத்தை அடியோடு நிறுத்தியது. பிறகு ஏதோ கொஞ்சம் திரும்பி வந்தது. அந்த வீரர்கள் சோம்பேறிகளா? தலையணை சரியில்லையா? சொன்னதைச் செய்து, பதக்கத்தோடு வந்து நின்றவர்கள். அவர்களைப் பற்றி எந்தச் சுயமுன்னேற்ற நூலும் அத்தியாயம் எழுதாது. அங்கே கற்கவேண்டிய பாடம் நிதிக்குழுவின் மேசையில் இருக்கிறது; அதைத் தனி மனிதரிடம் விற்க முடியாது.

தமிழில் இதற்கு வேறொரு வழி ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்பதுதான் வேடிக்கை. 'எண்ணங்கள்' எழுதிய எம்.எஸ். உதயமூர்த்தியைப் படித்து வேலைக்குப் போன, தொழில் தொடங்கிய ஒரு தலைமுறையே இங்கே உண்டு. எண்ணத்தை மாற்று, நீ மாறுவாய் என்று எழுதிய அவர், அதோடு நிற்கவில்லை. மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி, நதிநீர் இணைப்பு, தண்ணீர் என்று பொதுக் காரியங்களுக்காக ஊர் ஊராக அலைந்தார். அந்த இயக்கத்தின் திட்டங்கள் எவ்வளவு சரி, எவ்வளவு பலித்தன என்பது தனி விவாதம். எண்ணத்தை மட்டும் மாற்றினால் குழாயில் தண்ணீர் வராது என்று சுயமுன்னேற்ற எழுத்தாளரே கண்டுகொண்டு தெருவில் இறங்கினார் என்பது முக்கியம். புத்தகக் காட்சியில் 'எண்ணங்கள்' இன்றும் விற்கிறது. அவரை மேற்கோள் காட்டும் மேடைகளில் அந்த இயக்கத்தின் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை, ஏனென்றால் பயிற்சி வகுப்புக்குக் காசு கொடுக்கும் கம்பெனிக்கு ஊழியர் நேரத்தோடு எழுவது வேண்டும். எழுந்தபின் அவர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு என்ன கேட்பார் என்பது வேண்டாம்.